மேஸ்திரிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு விஷயத்தை அக்காவிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கதை. எழுத்தாளர்கள் பேட்டிகளில் சொல்வதுபோல ஒரு படிமம் என்னைத் துரத்தவில்லை. கனவில் யாரும் வந்து முதல் வரியைச் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அது தூங்கியிருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் நான்கு நாட்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "பனி பொழிந்துகொண்டிருந்த அந்த எல்லைப்புற ரயில் நிலையத்தில், தன் எஜமானியின் ரத்தத்தில் நிகழப்போகும் ஒரு சிறிய வீழ்ச்சிக்காக அந்த நாய் காத்துக்..."

இங்கே பனி பெய்வதில்லை. நான் பனியைப் பார்த்ததும் இல்லை. ஆனால் படிப்பதெல்லாம் எங்கோ தூரத்து மொழிகளிலிருந்து பெயர்த்த நாவல்கள் என்பதால் பேனாவைத் திறந்தாலே பனி கொட்டுகிறது. அந்த நாவல்களின் நாய்களும் ஒரு மாதிரியானவை. மரணம் வருவதை மூன்று அத்தியாயங்களுக்கு முன்பே அறிந்துகொண்டு, வாசலில் கௌரவமாகப் படுத்திருக்கும். எங்கள் வீட்டு நாய் வாசலில் படுத்தால் செருப்பு மிஞ்சாது.

[அக்கா: பனி எதுக்கு? ரயில் நிலையம் எதுக்கு? அங்க லிஃப்ட் இருக்கா?]

(சதுர அடைப்புக்குள் இருப்பவை, அக்கா பிற்பாடு பென்சிலால் ஓரத்தில் எழுதியவை. அழிக்கக் கூடாது என்பது அவள் உத்தரவு.)

தொடக்கம் இரண்டு: "என் அக்காவின் உடம்பில் சர்க்கரை இறங்குவதை முதலில் அறிவது அவள் அல்ல."

இது பரவாயில்லை. உண்மையும்கூட. ஆனால் அடுத்த வாக்கியத்தில் 'நாய்' என்று எழுதவேண்டும். எழுதினால் பொய்.

தொடக்கம் மூன்று இல்லை. நேராகப் போகிறேன்.

2

அக்கா லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை நோய். மாத்திரைக்கு அடங்குகிற வகை அல்ல. தினமும் நான்கு வேளை இன்சுலின் ஊசி கேட்கிற வகை. ஊசி மருந்து கொஞ்சம் கூடினாலோ சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனாலோ ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கும். எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து. மற்றவர்களுக்கு அப்போது வியர்க்கும், படபடக்கும், பசிக்கும், உடம்பு மணியடித்துவிடும். இருபது வருடங்களாக அடித்து அடித்து அக்காவின் மணி ஓய்ந்துபோயிற்று. ஐம்பதில் நின்றுகொண்டு, விரல்கள் பேச்சுக் கேட்காமல் ஒரு மூடியைத் திறக்கத் தடுமாறிக்கொண்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று நம்மிடம் வாதாடுவாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆறுமாடிக் கட்டடத்தின் உச்சியில், இயந்திர அறையில், கையில் ஸ்பானரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பது மறந்துபோயிருந்தது. கூட வந்தவர் பார்த்ததால் பிழைத்தாள். அன்றோடு கம்பெனி அவளைப் புகார்த் தொலைபேசியில் உட்காரவைத்தது. "லிஃப்ட் நின்னுடுச்சா? உள்ள யாராவது இருக்காங்களா? பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க." ஒரு நாளைக்கு நாற்பது முறை.

"மாட்டிக்கிட்டவங்களுக்கெல்லாம் தைரியம் சொல்றேன். நான் மாட்டிக்கிட்டது யாருக்கும் தெரியல" என்பாள்.

இப்போது அவளுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் கம்பெனியின் பயிற்சி மையத்தில், புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஏற இறங்க வேண்டாம். ஆனால் மறுபடியும் கயிறு, கப்பி, மோட்டார், கிரீஸ். ஒற்றை அறைக் குடியிருப்பு. வரும் முதல் தேதி சேரவேண்டும்.

சர்க்கரை டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "தனியா இருக்கப்போறன்னா, இறங்குதுன்னு உனக்குச் சொல்ல ஏதாவது ஒண்ணு வேணும். இல்லன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."*

அந்த 'ஏதாவது ஒண்ணு'தான் நாய்.

* உடம்பில் ஒட்டிக்கொள்ளும் கருவி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் கேட்கிறார்கள். அக்காவின் தோல் அதன் பசையை ஏற்கவில்லை. ஒட்டிய இடமெல்லாம் கொப்புளம். மூன்று வகை பார்த்தாயிற்று. அடுத்து, பழக்கிய நாயையே வாங்கலாமே என்பீர்கள். மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அக்கா மூன்று நிமிடம் லிஃப்டுக்குக் காத்திருந்தாலே அதன் பொத்தான் பலகையைக் கழற்றுகிறவள்.

3

நாயின் பெயர் மேஸ்திரி. அக்கா கடைசியாக வேலை பார்த்த கட்டடத்தில், லிஃப்ட் குழியின் ஓரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, துரும்பைக்கூட நகர்த்தாமல், மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்த்ததால் அந்தப் பெயர். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். நான் 'அது' என்பேன். அக்கா 'அவரு' என்பாள்.

பழக்கும் முறை எளிமையானது. எளிமையானது என்று பயிற்சிக் காணொளியில் ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சர்க்கரை இறங்கும்போது மனிதரின் எச்சிலிலும் வியர்வையிலும் ஒரு வாசனை வருமாம். நமக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும். இறங்கியிருக்கும் நேரத்தில் வாயில் ஒரு பஞ்சுச் சுருளை வைத்து, நனைந்ததும் டப்பாவில் போட்டு, 'தாழ்வு' என்று எழுதி உறையவைக்க வேண்டும். சரியாக இருக்கும் நேரத்தில் எடுத்ததற்கு 'சாதாரணம்' என்று எழுதவேண்டும். பிறகு இரண்டையும் நாய் முன்னால் வைத்து, 'தாழ்வு' டப்பாவை முகர்ந்து முன்னங்காலைத் தூக்கி நம் முழங்காலில் வைத்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி. 'சாதாரணம்' என்றால் ஒன்றும் இல்லை. இதை ஆயிரம் தடவை.

"ஐஸ்கட்டி எடுக்கலாம்னு திறந்தா எச்சில் டப்பா, பட்டாணி எடுக்கலாம்னு திறந்தா எச்சில் டப்பா. இது வீடா, லேபா?" என்றாள் அம்மா.

"ரெண்டும்தாம்மா. வாடகை ஒண்ணுதான்."

"எனக்குத் தெரியாது. அந்தப் பட்டாணியை நான் இனிமே தொடமாட்டேன்."

பஞ்சுச் சுருள் கொண்டுவந்தது நான். நான் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். அவர் பல்லைக் குடையும்போது எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பேன். குழியைத் தற்காலிகமாக அடைக்கும் பசையைக் கிராம்புத் தைலத்தில் குழைத்துக் கொடுப்பேன். இடையில் நோயாளி வராத நேரத்தில் மேசைக்கு அடியில் நாவல் படிப்பேன். பஞ்சுச் சுருள் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கும். டாக்டரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

'சாதாரணம்' பஞ்சுகளை அக்காவே எடுத்துக்கொள்வாள். காலையில் பல் விளக்குமுன், நிதானமாக, வீட்டில் இருந்த பெட்டியிலிருந்து. 'தாழ்வு' வரும்போது அவளால் டப்பாவைத் திறக்க முடியாது. நான்தான் ஓடுவேன். எப்போதும் என் அங்கியின் பையில் நாலைந்து சுருள்கள் வைத்திருப்பேன், ஆத்திர அவசரத்துக்கு.

மேஸ்திரி ஒரு மாலை முதல்முறையாக, டப்பா எதுவும் இல்லாமல், தானாக எழுந்து வந்து அக்காவின் முழங்காலில் காலை வைத்தது. அளந்து பார்த்தோம். அறுபத்தாறு. 'அந்தி ஒளி சமவெளியின்மேல் தேன்போல் வழிந்துகொண்டிருந்த அந்தக் கணத்தில், இரண்டு உயிரினங்களுக்கிடையே சொற்களற்ற ஓர் உடன்படிக்கை...'

மன்னிக்கவும். டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அக்கா அழுதாள். அம்மா பட்டாணிப் பொட்டலத்தை உடைத்துச் சமைத்தாள். அதுதான் நடந்தது.

[அக்கா: நான் அழல. கண்ணுல கிரீஸ்.]

[அக்கா: சமவெளி எங்கடி இருக்கு நம்ம வீட்டுல?]

அதற்குப் பிறகு அக்கா ஒரு நோட்டில் தேதி, நேரம், எண், மேஸ்திரி சொன்னதா இல்லையா என்று கட்டம் போட்டு எழுதினாள். பெரும்பாலும் சொன்னது. சில நாள் தொண்ணூற்றாறில் இருக்கும்போதே காலை வைத்தது. "இறங்கப்போகுதுன்னு முன்கூட்டியே சொல்றாரு" என்றாள். அரை மணியில் இறங்கவும் செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மேஸ்திரி எதையும் சொல்லாது. எட்டு மாதத்தில் ஒரு ஞாயிறுகூட இல்லை.

"வாராந்திர விடுமுறை. சட்டப்படி அவருக்கு உண்டு" என்றாள் அக்கா.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தி, எழுந்துபோய், சுவரில் தலையை மோதிவிட்டு வந்தேன். நீங்கள் அதற்குள் கண்டுபிடித்திருந்தால் என்னிடம் சொல்லவேண்டாம். எரிச்சலில் இருக்கிறேன்.

4

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லாத பாத்திரம் ஒன்று உண்டு. தங்கை.

அவளுக்கு என்னதான் வேண்டும்? அக்கா போகவேண்டும் என்றுதானே பஞ்சு சுமந்தாள், கோழி வேகவைத்தாள், ஆயிரம் தடவை டப்பா நீட்டினாள்? ஆனால் போன மாதம் நடந்த இந்தப் பேச்சையும் கதையில் சேர்க்காவிட்டால் நேர்மை ஆகாது.

"அங்க போய் ஒரு நாள் தூக்கத்துல இறங்குச்சுன்னா?" என்று கேட்டேன்.

"மேஸ்திரி எழுப்புவாரு."

"அது எழும்பலன்னா?"

"நீ ஏன் எழும்பமாட்டாருன்னே பேசுற?"

"கேக்கக் கூடாதா?"

"கேளு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. எனக்கு ஒண்ணு ஆயிடுமோன்னு நீ பயப்படல. எனக்கு ஒண்ணும் ஆகலன்னா நீ என்ன பண்ணுவன்னு பயப்படுற. எனக்கு ஜூஸ் எடுத்துட்டு ஓடுறதைத் தவிர உனக்கு வேற வேலை என்ன? புத்தகம். அதுலயும் பனி."

நான் மூன்று நாள் பேசவில்லை. மூன்று நாளும் ஜூஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன், பேசாமல்.

இந்தப் பேச்சு ஏன் முக்கியம் என்றால், இதற்குப் பிறகு 'நாய்க்கு ஒன்றும் தெரியாது' என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன். அக்காவைப் போகவிடாமல் செய்யத் தங்கை கடைசியாகக் கண்டுபிடித்த வழி இது என்றுதான் வாசகர்கூட நினைப்பார்.

5

புதன்கிழமை.

பல் டாக்டர் சுவருக்கு வெள்ளையடிக்கிறார் என்று மருத்துவமனையை ஒரு வாரம் மூடியிருந்தார். திங்களிலிருந்து நான் வீட்டில். அக்கா அரைநாள் விடுப்பெடுத்துத் தரையில் உட்கார்ந்து கருவிப்பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கருவியாகச் செய்தித்தாளில் சுற்றி வைத்தாள். மேஸ்திரி அவள் பாதத்தின்மேல் முகவாயை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கம் தள்ளி நிமிர்ந்தபோது அக்கா ஒரு திருப்புளியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மறுபடி நிமிர்ந்தேன். அதே திருப்புளி. சுற்றினாள், பிரித்தாள், அது என்னவென்று பார்த்தாள், சுற்றினாள்.

"அக்கா."

"என்ன?"

"அளந்து பாரு."

"இப்பதானே சாப்பிட்டேன்."

"எப்ப?"

அவள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். நான் அவள் விரலைப் பிடித்துக் குத்தினேன். நாற்பத்தேழு.

மேஸ்திரி தூங்கிக்கொண்டிருந்தது. அவள் பாதத்தின்மேல். அவளுடைய வியர்வைக்கும் அதன் மூக்குக்கும் இடையே நான்கு விரற்கடை இருந்தால் அதிகம்.

ஜூஸ் டப்பாவில் குழாயைக் குத்தி அவள் வாயில் வைத்தேன். குடிக்கத் தொடங்கியதும் பழக்கதோஷம், பஞ்சு எடுக்கவேண்டும் என்று தோன்றியது. ஜூஸ் போனபின் எடுத்தால் அது வீணாகிவிடும் என்பதுகூட உறைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய என் வேலை அங்கியை இழுத்தேன். பைக்குள் கைவிட்டேன்.

மேஸ்திரி எழுந்தது. காது இரண்டும் நிமிர்ந்தன. நேராக வந்து அக்காவின் முழங்காலில் முன்னங்காலை வைத்தது. பிறகு என் கையைப் பார்த்தது.

அக்காவின் பேச்சு இன்னும் குழறிக்கொண்டிருந்தது. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. நாயின் தலையைத் தடவினாள்.

"பாத்தியா," என்றாள். "சொல்லிட்டாரு."

நான் அங்கியை மூக்கின் அருகே கொண்டுபோனேன். கிராம்பு.

6

மறுநாள் அவள் அலுவலகம் போனதும் நான் செய்தவை: புதிய டப்பா. புதிய பஞ்சு. யாருடைய எச்சிலும் இல்லை. அங்கிப் பையின் துணியை அதன்மேல் ஒருமுறை தேய்த்தேன். மேஸ்திரியின் முன்னால் வைத்தேன். கால் தூக்கியது. இடம் மாற்றி வைத்தேன். தூக்கியது. சமையலறையில், குளியலறையில், மாடிப்படியில். பத்துக்குப் பத்து. இவ்வளவு நன்றாகத் தேறிய மாணவனை நான் பார்த்ததில்லை.*

எட்டு மாதமாக நாங்கள் அந்த நாய்க்குச் சொல்லிக்கொடுத்தது கிராம்புத் தைலத்தை. 'தாழ்வு' என்று எழுதிய ஒவ்வொரு டப்பாவிலும் என் விரல் பட்டிருந்தது, என் பை பட்டிருந்தது. 'சாதாரணம்' எதிலும் இல்லை. மேஸ்திரிக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. மாலை ஐந்தரைக்கு நான் வேலையிலிருந்து வந்து அக்காவின் பக்கத்தில் உட்காருவேன். அது கால் தூக்கும். சாப்பாட்டுக்கு முன்னான அந்த நேரத்தில்தான் அவளுக்கு இயல்பாகவே சர்க்கரை இறங்கும். நோட்டில் கட்டம் நிறையும். ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போவதில்லை. தலைக்குக் குளித்துவிட்டு, நாள் முழுக்கப் புத்தகத்தோடு கிடப்பேன். வாராந்திர விடுமுறை அதற்கு அல்ல, எனக்கு.

சுருக்கமாக: நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் வேலை செய்யும் நாயை, நான் இல்லாத ஊருக்கு அவளோடு அனுப்பவிருந்தேன்.

இனி கதை எப்படி முடியலாம்?

முடிவு அ: தங்கை சொல்லவில்லை. அக்கா போகிறாள். (இதற்கு மேல் எழுத என் கை வரவில்லை.)

முடிவு ஆ: தங்கை ஒரு சிறு குப்பியில் கிராம்புத் தைலம் கொடுத்தனுப்புகிறாள். கவித்துவமாக இருக்கிறது. பயன் என்ன? சர்க்கரை இறங்கும்போது குப்பியைத் திறக்கத் தெரிகிறவளுக்கு நாய் எதற்கு?

முடிவு இ: நாய்க்கு எல்லாம் முன்பே தெரியும்; தங்கையின் தனிமையைத்தான் அது இத்தனை நாளும் முகர்ந்துகொண்டிருந்தது. நாவல்களில் இப்படி வந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைப்பேன். இங்கே வந்தால் கிழிப்பேன். நாய் கோழிக்காகக் காலைத் தூக்கியது. கோழி நியாயமான காரணம்.

முடிவு ஈ: சொல்லிவிடுகிறாள்.

ஞாயிறு மாலை வரை எழுதினேன். திங்கள் காலை இந்த ஆறு பகுதிகளையும் அக்காவின் கருவிப்பெட்டியின்மேல் வைத்துவிட்டு, அவள் எழுவதற்குள் வேலைக்கு ஓடினேன். முடிவு ஈ-யில் தங்கை கொஞ்சம் வீரமாக இருப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

* சமையலறையில் கிராம்பு இருக்குமே என்று ஒரு கூர்மையான வாசகர் கேட்பார். அம்மாவுக்கு அந்த வாசனை ஆகாது. ஆகாததால் எங்கள் வீட்டில் அது என்னைத் தவிர வேறெங்கும் இல்லை. சில சமயம் உலகம் வேண்டுமென்றே இப்படி ஏற்பாடு செய்கிறது.

7

திங்கள் பதினொரு மணி. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், புது வெள்ளையின் வாசனைக்கு நடுவே, வீங்கிய கன்னங்களோடு ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் இந்தக் காகிதங்கள், சுருட்டிய நிலையில். ஈயை அடிக்கிற மாதிரி.

"கையை நீட்டு."

"அக்கா, ஆளுங்க இருக்காங்க."

"நீட்டுடி."

நீட்டினேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். சுண்டுவிரல் வரை. கன்னத்தில் பனிக்கட்டி வைத்திருந்த ஒரு பெரியவர் பனிக்கட்டியைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"எட்டு மாசம்," என்றாள் அக்கா. "எட்டு மாசம்டி! ஒரு சுவிட்ச் வேலை செய்யலன்னா முதல்ல எதைப் பார்ப்போம்? தொட்டது யாருன்னு பார்ப்போம். நான் பார்க்கல. மெக்கானிக்காம், மெக்கானிக்!"

"நாய்மேல தப்பு இல்ல..."

"அவரு மேல என்ன தப்பு? அவரு ஒழுங்காத்தான் படிச்சிருக்காரு. பாடம் நடத்தினவங்கதான் உருப்படல." மூச்சு வாங்கினாள். "எப்பத் தெரியும் உனக்கு?"

"புதன்கிழமை."

"இன்னிக்கு?"

"திங்கள்."

"நாலு நாள் கதை எழுதிட்டு இருந்திருக்க."

"சொன்னா நீ போகாம இருக்கத்தான் சொல்றேன்னு..."

"நினைச்சிருப்பேன். கண்டிப்பா நினைச்சிருப்பேன். அதுக்கு?" சுருளைப் பிரித்து உதறினாள். "இதைச் சொல்ல ஆறு பகுதி! இந்த நாலு நாள்ல எனக்கு ரெண்டு தடவை இறங்குச்சு. ரெண்டு நல்ல பஞ்சு போச்சு. அங்க சமவெளியில தேன் ஊத்திட்டு இருந்த."

டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வலி தாங்கலையா? உள்ள வர்றீங்களா?"

"எனக்குப் பல்லு நல்லா இருக்கு டாக்டர். உங்க தைலம்தான் என் வாழ்க்கையில பூந்துடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மிக நன்றாக வெள்ளையடித்திருந்தார்கள்.

அக்கா பெரியவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு தன் வேலைக்குரலில், புகார் எடுக்கும் குரலில், சொன்னாள்:

"ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. டப்பா எல்லாத்தையும் குப்பையில போடு. அம்மா சந்தோஷப்படுவா. இனிமே தாழ்வுப் பஞ்சையும் நான்தான் எடுப்பேன். நீ தொடக் கூடாது. ரூமுக்குள்ளயே வரக் கூடாது."

"உன்னால முடியாது. நாற்பத்தேழுல திருப்புளியை..."

"அறுபதுலயே எடுப்பேன். மணிக்கு ஒரு தடவை குத்திக் குத்திப் பார்ப்பேன். எழுபதுக்குக் கீழ வந்த உடனே பஞ்சு, டப்பா, ஜூஸ். அந்த வரிசை."

"அதுக்குள்ள விறுவிறுன்னு இறங்கிட்டா? ஜூஸை மறந்துட்டா?"

"மறந்துட்டேன்னா நான் அந்த ஊருக்குப் போகத் தகுதி இல்லாதவன்னு அர்த்தம். போகல. மறுபடியும் போன் எடுத்து, 'பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க'." அவள் என் அங்கியின் பையைப் பார்த்தாள். "ஆனா அது எனக்குத் தெரியணும்ல. நீ ஓடி வந்துட்டே இருந்தா எப்படித் தெரியும்?"

பெரியவர், கன்னம் வீங்கியிருந்த நிலையிலும், "அந்தப் பொண்ணு சொல்றது சரிதாம்மா" என்றார் என்னிடம். எல்லோரும் அவள் பக்கம்.

8

செவ்வாய், மாலை ஐந்து ஐம்பது.

நான் மதியமே வேலையிலிருந்து வந்து இரண்டு முறை குளித்துவிட்டேன். எலுமிச்சை, சோப்பு, மறுபடி எலுமிச்சை. ஆனாலும் என்னை நான் நம்பவில்லை, வராந்தாவிலேயே நின்றேன். அக்கா அளந்தாள். அறுபத்து நான்கு. எண்ணை என்னிடம் காட்டினாள், ஏதோ பரிசுச் சீட்டு மாதிரி.

டப்பா, பஞ்சு, ஜூஸ் மூன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டாள். "மேஸ்திரி, வாங்க." அது உள்ளே போனது. கதவருகில் அவள் திரும்பினாள்.

"முந்நூறு வரைக்கும் எண்ணு. அதுக்குள்ள நான் குடிச்சு முடிச்சுட்டு ஸ்பானரால தரையில ரெண்டு தட்டு தட்டுவேன். தட்டலன்னா மட்டும் உள்ள வா. எண்ணாம வந்த, அப்புறம் உன்கூடப் பேசமாட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. இன்னொண்ணு. இதையும் நீ எழுதுவ, எனக்குத் தெரியும். எழுது. ஆனா கதவுக்கு இந்தப் பக்கம் நடக்கிறதை மட்டும் எழுது. உள்ள நடக்கிறது என்னோடது. அதுல கைவைக்காத."

கதவைச் சாத்தினாள்.

நாவல்களில் இந்த இடத்தில் ஆசிரியர் சுவரை ஊடுருவிப் போவார். அவருக்கு அனுமதி தேவையில்லை. அக்காவின் விரல்கள் மூடியில் வழுக்குவதை, நாய் முதல்முறையாக அவளை, அவளை மட்டும், முகர்ந்து தலையைச் சாய்ப்பதை அவர் எழுதுவார். என்னாலும் எழுத முடியும். ஒரு பக்கம் எழுதியும் விட்டேன், நன்றாகவே வந்திருந்தது. கிழித்தேன். நான் விரல் வைத்த எல்லா டப்பாவிலும் என் வாசனைதான் இருக்கும் என்று தெரிந்தபிறகு, அந்த அறைக்குள் ஒரு வாக்கியம்கூட வைக்க எனக்கு உரிமை இல்லை.

ஆகவே இந்தப் பக்கம் நடந்தவை.

அறுபதில், அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உள்ள விட்டுட்டு இங்க என்னடி மந்திரம் சொல்லிட்டு இருக்க?" நான் உதட்டில் விரல் வைத்தேன். அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள், கரண்டியோடு.

தொண்ணூறில், உள்ளே ஏதோ உருண்டது. டப்பாவின் மூடியாக இருக்கலாம். உருண்டு, சுற்றி, ஓய்ந்தது. யாரும் அதை எடுக்கிற சத்தம் இல்லை.

நூற்றிருபதில், நாயின் நகங்கள் தரையில் கேட்டன. நான்கைந்து அடி. நின்றது.

நூற்று ஐம்பதில் அம்மா, "ஒரு தடவை கூப்பிட்டுப் பாரேன்" என்றாள். தலையாட்டினேன், கூடாது என்று. "என்ன பிள்ளைங்களைப் பெத்தேன்" என்றாள். கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நூற்றெண்பதில், அக்கா ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. சிரித்ததுபோலவும் இருந்தது, குழறியதுபோலவும் இருந்தது. நாற்பத்தேழிலும் அவள் சிரிப்பாள். நூறிலும் சிரிப்பாள். அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது.

என் கை கதவின் கைப்பிடியில் இருந்தது. எப்போது போனது என்று தெரியாது. எடுத்தேன்.

அதற்குப் பிறகு என்ன எண்ணினேன் என்பது உறுதியாகத் தெரியவில்லை. நூற்றுத் தொண்ணூற்று மூன்றா, இருநூற்றுப் பதினொன்றா? அம்மாவைக் கேட்டேன். "நான் எங்க எண்ணினேன்? நீதானே எண்ணுற!" என்றாள். இருநூறு என்றே வைத்துக்கொள்கிறேன். குறைவாகவும் இருக்கலாம். அதிகமாகவும் இருக்கலாம். அதிகமாக இருந்தால் நான் அவளை நேரத்துக்கு மேல் விட்டுவைத்திருக்கிறேன். குறைவாக இருந்தால் எண்ணி முடிக்குமுன் நுழையப்போகிறேன். இரண்டுமே அவள் என்னை மன்னிக்காத காரியம்.

எனக்கு இனிமேல் எண்ண வராது. நீங்கள் எண்ணுங்கள். எட்டு பகுதிகளாக எரிச்சல் படாமல் கூடவே வந்திருக்கிறீர்கள். உங்கள் கை சுத்தமாகவும் இருக்கிறது. இருநூற்றிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மூச்சு. தரையில் காதை வைத்துக்கொள்ளுங்கள்.

இருநூற்று ஒன்று.

அவசரப்படாதீர்கள்.